சமுத்திரம் பார்க்காத ஊரும் ஒரு டைவர் வாட்சும்

எங்கள் ஊருக்குப் பெயர் பாலசமுத்திரம். பழனிக்குப் பக்கத்தில் ஒரு பாலசமுத்திரம் இருக்கிறது, அது வேறு. நான் சொல்வது ஆந்திராவில், சித்தூர் - திருப்பதி பக்கம் இருப்பது. 1911ல் வட ஆர்க்காட்டிலும் கடப்பையிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி எடுத்து, சித்தூர் ஜில்லா என்று ஒன்றை வெள்ளைக்காரன் உண்டாக்கினான். 1953ல் ஆந்திரா பிரிந்தபோது அது அந்தப் பக்கம் போனது. 1960ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. மிச்சம் இருந்தவர்கள் வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு என்று பழகிக்கொண்டோம். 2022ல் ஜில்லாவை மறுபடி பிரித்ததில் திருப்பதி தனி ஜில்லா ஆகிவிட்டது.

இத்தனை பிரிவினையிலும் ஊர்ப் பெயரில் இருக்கிற சமுத்திரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், கடல் கிடையாது. கடல் பார்க்க வேண்டுமென்றால் மெட்ராசுக்கு பஸ் ஏற வேண்டும். நம் பக்கத்து ஊர்ப் பெயர்களில் வருகிற சமுத்திரம், சாகரம் எல்லாம் ஏரிதான். பக்கத்து கடப்பை ஜில்லாவில் போருமாமில்லா என்று ஒரு ஊர். அங்கே 1369ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. விஜயநகரத்து பாஸ்கரன் என்கிற ராஜகுமாரன் ஏரி வெட்டினான், ஆயிரம் ஆட்கள் இரண்டு வருஷம் வேலை செய்தார்கள், நல்ல ஏரிக்கு என்னென்ன வேண்டும், என்னென்ன கூடாது என்று கணக்குப் பிள்ளை மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஏரிக்கு வைத்த பெயர் அனந்தராஜசாகரம்! மழைக்கு ஏங்குகிற சீமையில் தண்ணீர் நின்ற இடமெல்லாம் சமுத்திரம்தான்.

சரி, வாட்ச் பற்றி எழுத வந்தவன் ஏரியில் இறங்கிவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இருப்பது பஹ்ரைனில். பேங்க் உத்தியோகம். எங்கள் ஆபீஸ் லிஃப்டில் ஏறினால் பத்து மணிக்கட்டில் மூன்று நாலிலாவது டைவர் வாட்ச் இருக்கும். கருப்பு முகப்பு, சுற்றிலும் பல் வைத்த வளையம், இருட்டில் பச்சையாக ஒளிரும் புள்ளிகள், அடியில் '200 மீட்டர்' என்று ஓர் எழுத்து. கட்டியிருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நீச்சலே தெரியாது என்பது எனக்குத் தெரியும், கம்பெனி பிக்னிக்கில் பார்த்திருக்கிறேன் :-) கடலுக்கு அடியில் போகிறவனுக்காகச் செய்த சாமானை ஏசி ரூமில் உட்கார்ந்து எக்செல் ஷீட் பார்க்கிறவன் ஏன் கட்டுகிறான்? அது எப்படி நம் ஊர் வரைக்கும் வந்தது? யோசித்துக்கொண்டே போனால் நான் இப்போது நிற்கிற இந்தத் தீவுக்கும், நம் தூத்துக்குடிக்கும், எங்கள் மாமாவின் கிணற்றுக்கும் போய்ச் சேர்ந்தது.

முதலில் வாட்ச் இல்லாத காலம்.

பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது 1932ல். அதற்கு முன்னால் இந்தத் தீவு பிழைத்தது முத்துக்குளித்துத்தான். மனாமாவிலிருந்து பாலம் தாண்டினால் முஹர்ரக். அங்கே பழைய முத்து வியாபாரிகளின் வீடுகள், கடைகள், படகு கிளம்பும் கரை எல்லாவற்றையும் சேர்த்து 2012ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. லீவு நாளில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள், மால் சுற்றுவதைவிட நன்றாக இருக்கும்.

கோடைக்காலம் முழுக்க, ஏறக்குறைய நாலு மாதம், படகுகள் கடலிலேயே கிடக்கும். முங்குகிறவன் மூக்கில் ஒரு கிளிப் மாட்டிக்கொள்வான். காலில் கல். கழுத்தில் கூடை. கல்லின் பாரத்தில் கீழே போய், கையில் அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டும்போது கயிற்றை இழுப்பான். மேலே படகில் அவனுக்கென்று ஒருவன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இழுப்பு தெரிந்த உடனே கையால் சுருட்டித் தூக்க வேண்டும். முங்குகிறவனை இங்கே கவ்வாஸ் என்பார்கள், கயிறு பிடிக்கிறவன் ஸைப். ஒரு முங்கலுக்கு ஒரு நிமிஷம், மிஞ்சிப் போனால் ஒன்றரை. இப்படி ஒரு நாளைக்குப் பல தடவை.

இதே வேலைதான் நம் மன்னார் வளைகுடாவிலும். கொற்கை முத்தை சங்க காலத்திலிருந்தே பாடிக்கொண்டிருக்கிறோம். கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் 'பெரிப்ளூஸ்' எழுதிய கிரேக்க வியாபாரி இன்னொரு செய்தியும் சொல்கிறான். கொற்கையில் முத்துக்குளிக்கிற வேலையைத் தண்டனைக் கைதிகளைக் கொண்டு செய்தார்களாம். முத்து யார் கழுத்தில் ஜொலித்தது என்று எல்லோருக்கும் தெரியும், எடுத்தவன் கதை இது. நம் ஆட்கள் மூக்குக்குக் கிளிப் போட மாட்டார்கள், விரலால் பிடித்துக்கொள்வார்கள். கல், கயிறு, மேலே ஒரு ஆள் என்பதெல்லாம் அப்படியே. சுறா வராமல் இருக்க மந்திரம் போட 'கடல்கட்டி' என்று ஒருவர் உண்டு. அவர் வந்து கட்டினால்தான் இறங்குவார்கள். ஆழத்தை அளப்பது 'பாகம்' கணக்கில். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அது ஒரு பாகம். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. 1973ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அங்கேயே செயற்கையாக முத்து வளர்த்துக் காட்டினார்கள். சங்குக் குளிப்பு அதற்கப்புறமும் நடந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஆள், கயிறு பிடிக்கிறவன். கீழே இருக்கிறவனுக்கு நேரம் தெரியாது. அவனிடம் கடிகாரம் கிடையாது, சொந்த மூச்சுதான் கடிகாரம். அது ஏமாற்றினால் மேலே நிற்கிறவன்தான் கதி. 'மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்று நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா? அதற்கு ஒரு விளக்கம் உண்டு. மலைத்தேன் எடுக்கப் பாறையில் கயிறு கட்டி இறங்குகிறவன், அந்தக் கயிற்றை மனைவியின் அண்ணன் தம்பி கையில்தான் கொடுப்பானாம். பங்காளி கையில் கொடுத்தால் சொத்துக்கு ஆசைப்பட்டு விட்டாலும் விட்டுவிடுவான், மச்சான் கூடப் பிறந்தவளின் தாலியை நினைத்துக் கெட்டியாகப் பிடிப்பான் என்று கணக்கு. பி.காமில் எனக்கு 'ரிஸ்க்' என்று ஒரு பாடம் நடத்தினார்கள். அதைவிட இது தெளிவாக இருக்கிறது.

ஆனால் கயிற்றில் இன்னொரு முடிச்சும் இருந்தது. கடன். சீசன் தொடங்கும்போது குடும்பத்துக்கு அரிசி, துணி, கைச்செலவு என்று படகுத் தலைவனிடம் முன்பணம் வாங்குவான். முத்து விற்றபின் பங்கு பிரித்தால் முன்பணம் கழியாது, பாக்கி நிற்கும். அடுத்த வருஷமும் அதே படகு. கணக்கை எழுதுவது கடன் கொடுத்தவன், கையெழுத்துப் போடத் தெரியாதவன் கடன்காரன். அப்பன் செத்தால் கடன் மகன் தலையில். 1920களில் பஹ்ரைனில் இதைச் சீர்திருத்தினார்கள். முங்குகிற ஒவ்வொருவனுக்கும் தனிக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பேங்க்காரனுக்கு இதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும் ஐயா. பாஸ்புக் என்கிற சாதாரண வஸ்து ஒரு மனுஷனை எவ்வளவு தூரம் விடுவிக்கும் என்று பாருங்கள். ஆனால் புத்தகம் வந்த கையோடு தொழிலே படுத்துவிட்டது. ஜப்பானில் மிகிமோட்டோ வளர்த்த முத்து மார்க்கெட்டுக்கு வந்தது, 1929ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது, வளைகுடா முத்தை வாங்க ஆள் இல்லை.

இப்போது வாட்ச்.

1943ல் பிரான்ஸில் கூஸ்தோவும் கான்யானும் சேர்ந்து 'அக்வாலங்' செய்தார்கள். முதுகில் காற்று உருளை, வாயில் குழாய். ஒன்றரை நிமிஷத்தில் முடிந்த முங்கல் இனிமேல் முக்கால் மணி நேரம் வரை நீளலாம். கயிறு பிடிக்கிறவனுக்கு வேலை போயிற்று. ஆனால் புதுசாக ஒரு ஆபத்து. ஆழத்தில் அழுத்தம் கூடும், பத்து மீட்டருக்கு ஒரு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கிற நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து தங்கும். சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழாக வெளியேறும். மூட்டுவலி, பக்கவாதம், சாவு எதுவும் நடக்கலாம். எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிஷம் இருந்தால், மேலே வரும்போது எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்று வர வேண்டும் என்று ஹால்டேன் என்கிற விஞ்ஞானி 1908லேயே அட்டவணை போட்டிருந்தார். அந்த அட்டவணையைப் பின்பற்ற வேண்டுமானால் கீழே இருக்கிறவனுக்கே நேரம் தெரிய வேண்டும். அதுவும் இருட்டில், தடித்த கையுறையோடு, மூளை மந்தமாகியிருக்கும்போது.

1953ல் ப்ளாங்பான் கம்பெனி பிரெஞ்சுக் கடற்படைக்காகச் செய்த வாட்சும், அதை ஒட்டி 1953-54ல் வந்த ரோலெக்ஸ் சப்மரைனரும்தான் இன்றைக்கு நாம் பார்க்கிற உருவத்துக்கு மூலவர்கள். ப்ளாங்பான் வைத்த பெயர் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்'. ஃபாதம் என்பது வேறொன்றும் இல்லை, கையை விரித்து அளக்கிற அதே பாகம். நம் பரதவர் பாஷையில் சொன்னால் 'ஐம்பது பாகம்'. தொண்ணூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. 1965ல் ஜப்பானில் சீக்கோ கம்பெனி 150 மீட்டர் டைவர் வாட்ச் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் சம்பளக்காரன் வாங்குகிற விலைக்கு இந்தச் சாமான் வந்தது.

அந்த வளையம் எதற்கு என்று பலருக்குத் தெரியாது, அலங்காரம் என்று நினைக்கிறார்கள். தண்ணீரில் இறங்கும்போது வளையத்தில் உள்ள முக்கோணக் குறியை நிமிஷ முள்ளுக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும். அப்புறம் எப்போது பார்த்தாலும் முள் நிற்கிற இடத்தில் வளையத்தில் இருக்கிற எண்தான் கழிந்த நிமிஷம். கழித்தல் கணக்கு போட வேண்டாம். சர்வதேசத் தரம் 6425 என்று ஒன்று உண்டு, 1996ல் எழுதியதை 2018ல் திருத்தினார்கள். குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் படிக்கத் தெரிய வேண்டும், குறித்த அழுத்தத்துக்கு மேலே கால் பங்கு கூட்டிச் சோதிக்க வேண்டும் என்று நிறைய நிபந்தனைகள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சமாச்சாரம், இப்போதைய டைவர் வாட்சில் அந்த வளையம் ஒரு பக்கம் மட்டும்தான் திரும்பும், இடமாக. ஏன்? பாறையில் இடித்து வளையம் தற்செயலாக நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். இடமாக நகர்ந்தால் கழிந்த நேரம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவான், நஷ்டம் ஒன்றும் இல்லை. வலமாக நகர்ந்தால் நேரம் குறைவாகத் தெரியும், ஆள் போய்ச் சேர்ந்துவிடுவான். தப்பு நடக்கவே செய்யும், நடந்தால் அது பிழைக்கிற பக்கமாக நடக்கட்டும் என்று செய்து வைத்திருக்கிறார்கள். காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புரியும். வரப்போகிற லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்தை இப்போதே எழுது என்று அக்கவுண்டன்சி வாத்தியார் முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுப்பார். அதைத்தான் எஃகில் செய்திருக்கிறார்கள்.

இது நம் ஊருக்கு எப்படி வந்தது? நேர்வழியில் வரவில்லை என்பதுதான் உண்மை.

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டு வாட்சை இஷ்டத்துக்கு இறக்குமதி செய்ய முடியாது. 1961ல் பெங்களூரில் எச்எம்டி, ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து வாட்ச் செய்ய ஆரம்பித்தது. கல்யாண மாப்பிள்ளைக்கு எச்எம்டி என்பது எழுதாத சட்டம் ஆனது. (அந்த எச்எம்டி வாட்ச் கம்பெனியை 2016ல் மூட முடிவு செய்தார்கள்.) வெளிநாட்டு வாட்ச் வேண்டுமென்றால் மெட்ராஸ் பீச் ரோட்டில் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய நம் ஆட்களின் பிழைப்புக்காக 1969ல் அரசாங்கம் கொடுத்த இடம் அது.

1962 சுங்கச் சட்டத்தில் 123ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சாதாரணமாகக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது சர்க்கார். ஆனால் குறிப்பிட்ட சில பொருட்களைக் கடத்தல் சரக்கு என்று சந்தேகப்பட்டு அதிகாரி பிடித்தால், கடத்தல் இல்லை என்று வைத்திருந்தவன்தான் நிரூபிக்க வேண்டும். அந்தப் பொருட்கள் என்ன தெரியுமா? தங்கம், அப்புறம் வாட்ச்! இன்றைக்கும் அந்தப் பிரிவில் வாட்ச் என்கிற வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. தங்கத்துக்குப் பக்கத்தில் வாட்சை உட்கார வைத்த ஒரு காலம் இருந்தது.

இதில் வளைகுடாவுக்கும் பங்கு உண்டு. இங்கே அந்தக் காலத்தில் செல்லுபடியானது நம் இந்திய ரூபாய்தான். பம்பாய்க்கு முத்து போனது, ரூபாய் வந்தது. அப்புறம் இந்தப் பக்கத்திலிருந்து தங்கம் கடத்திக் கொடுத்து ரூபாய் வாங்குகிற வியாபாரம் பெருகி, டாலர் இருப்பு கரைந்தது. அதனால் 1959ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கு மட்டும் செல்லும்படி வேறு நிறத்தில் தனி ரூபாய் நோட்டு அடித்தது. 1965ல் பஹ்ரைன் சொந்தமாக தினார் போட்டுக்கொண்டது. பத்து ரூபாய்க்கு ஒரு தினார். இன்றைய ரேட்டை நினைத்தால் பெருமூச்சுதான் வரும்.

ஓசூரில் டைட்டன் வந்து, 1991க்குப் பிறகு கதவு திறந்து, வாட்சுக்கு இருந்த மவுசு குறைந்தது. இன்னொரு வேடிக்கை. ஃபேவர் லூபா என்கிற சுவிஸ் வாட்ச் நம் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும், பம்பாயில் அத்தனை பழைய கம்பெனி. ஆழத்தையும் காட்டுகிற இயந்திர வாட்சை 1968ல் செய்தவர்கள் அவர்கள்தான். அந்தக் கம்பெனியை 2011ல் நம் டைட்டன் வாங்கியது, 2023ல் ஈத்தோஸ் என்கிற இன்னொரு இந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. ஒரு காலத்தில் கடத்திக் கொண்டுவந்த சரக்கின் சொந்தக்காரனே நாமாகிவிட்டோம்.

எங்கள் ஊருக்கு வந்த முதல் டைவர் வாட்ச் எங்கள் பெரிய மாமாவுடையது. ராயலசீமாவிலிருந்து குவைத்துக்குப் போகிறவர்கள் எப்போதும் அதிகம். மாமாவும் போனார். 1989ல் அங்கே ஒரு சீக்கோ டைவர் வாங்கினார், 150 மீட்டர். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட நம் ஆட்கள் பாலைவனம் தாண்டி ஜோர்டான் போய், அங்கிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். அதில் மாமாவும் ஒருவர். ஒரு கைப்பை, கட்டியிருந்த வாட்ச், அவ்வளவுதான். பெட்டி இல்லை, சென்ட் பாட்டில் இல்லை, பாக்கிச் சம்பளம் இல்லை. 'கயித்தை யாரோ பட்டுனு இழுத்தாப்ல இருந்துச்சுடா மாப்ள' என்று பின்னால் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

திரும்பப் போகவில்லை. பாட்டன் நிலத்தில் வெள்ளாமை பார்த்தார். கிணறு பொது, பெரியப்பா மகனோடு பங்கு. ஆளுக்கு ஒரு மணி நேரம் முறைத் தண்ணீர். கரண்ட் எப்போது வரும் என்று சாமிக்கே தெரியாது, வந்தால் அதற்குள் முறை முடிய வேண்டும். தினமும் ரகளை. 'உன் கடியாரம் ஸ்லோ', 'உனக்கு மணி பார்க்கத் தெரியாது' என்று ஆரம்பித்து, செத்துப்போன தாத்தா வரைக்கும் போவார்கள். மாமாதான் அந்த வளையத்தை வேலைக்கு வைத்தார். மோட்டார் போட்டதும் முக்கோணத்தை முள்ளுக்கு நேரே வைப்பது, முள் ஒரு சுற்று சுற்றி மறுபடி முக்கோணத்துக்கு வந்தால் முறை முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கண்ணால் தெரியும்.

அப்படியும் பங்காளிக்குச் சந்தேகம், வாட்ச் மாமா கையில்தானே இருக்கிறது என்று. அதற்கும் மாமா வழி சொன்னார். யார் முறையோ அவர் கையில் வாட்ச். வளையம் ஒரு பக்கம்தான் திரும்பும். கட்டியிருக்கிறவன் திருகினால் அவன் நேரம்தான் குறையும், கூடாது. நன்றாக யோசித்துப் பாருங்கள். கடலடியில் ஒரு ஆளின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு, ஒரு வறண்ட கிணற்று மேட்டில் இரண்டு குடும்பத்தைக் கோர்ட்டுக்குப் போகாமல் காப்பாற்றியது. எத்தனையோ டாக்குமெண்ட் தயார் செய்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமான ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை.

ஆகவே 'தண்ணிக்குள்ள போகாதவனுக்கு எதுக்கு டைவர் வாட்ச்' என்று யாராவது கேட்டால் எனக்கு ஒப்புதல் இல்லை. உபயோகம் நிறைய இருக்கிறது. இங்கே வந்த புதிதில் போன் கார்டு சுரண்டி நம்பர் போட்டு ஊருக்குப் பேசுவோமே, அப்போது நான் வளையத்தைத் திருப்பி வைத்துத்தான் பேசுவேன். அம்மாவுக்கு ஆறு நிமிஷம், நைனாவுக்கு இரண்டு நிமிஷம் என்று கணக்கு. (நைனாவுக்கு இரண்டே அதிகம், 'சாப்பிட்டியா, சரி வெச்சிடு' என்பார்.) குக்கருக்கு, பார்க்கிங் மீட்டருக்கு, பிள்ளைகள் டிவி பார்க்கிற அரை மணிக்கு, எல்லாவற்றுக்கும் போனை எடுக்க வேண்டியதில்லை. போனை எடுத்தால் அரை மணி போய்விடும் என்பது நமக்குத் தெரியாதா?

இன்னொரு வித்தை. பஹ்ரைனுக்கும் ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். வளையம் 120 சொடுக்கு உள்ள வாட்ச் என்றால், முக்கோணம் பன்னிரண்டில் இருக்கும்போது ஆரம்பித்து 25 சொடுக்கு இடமாகத் திருப்புங்கள். இப்போது மணி முள்ளை வளையத்தில் படியுங்கள், ஐந்து நிமிஷம் ஒரு மணி என்று. இங்கே ஆறு மணி என்றால் முள் நிற்கிற இடத்தில் வளையத்தில் நாற்பத்திரண்டரை காட்டும், அதாவது எட்டரை. ஊரில் எட்டரை! சவுதி, குவைத், கத்தாரில் இருப்பவர்களுக்கும் இதே கணக்கு. துபாய், மஸ்கட்காரர்களுக்கு ஒன்றரை மணி என்பதால் 15 சொடுக்கு.

கட்டுகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். 30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தம் இல்லை, கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவே. நீச்சலுக்கு 100 வேண்டும். சாவி திருகி மூடுகிற வகை என்றால், மூடியிருக்கிறதா என்று தண்ணீருக்கு முன் பாருங்கள், தண்ணீருக்குள் சாவியைத் தொடாதீர்கள். கடலில் இறங்கினால் அப்புறம் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர்க் குளியல் வேண்டாம், சூட்டில் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் சீக்கிரம் கெடும். அந்த வாஷருக்கு ஆயுசு உண்டு, சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி, அழுத்தம் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்பா, மாமா காலத்து வாட்ச் என்றால் 150 என்று எழுதியிருப்பதை நம்பி அப்படியே குளத்தில் குதிக்க வேண்டாம். எழுதியது புது வாட்சுக்கு.

நிஜமாகவே முங்குகிறவர்கள் இப்போது இதை நம்பி இறங்குவதில்லை, அதுவும் உண்மை. 1980களிலிருந்து டைவ் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 2022ல் வந்த ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா ஆழத்தையும் நேரத்தையும் காட்டும். வளையம் வைத்த வாட்ச் இன்றைக்கு இரண்டாவது காவல். ஆக, டைவர் வாட்சின் நிரந்தர வாசம் இப்போது நம்மைப் போன்ற கரைவாசிகளின் மணிக்கட்டில்தான்.

இவ்வளவையும் சொன்னது ஒரு விஷயத்துக்காக. முத்துக்குளிக்கிறவனும் அக்வாலங்காரனும் வேலையில் வித்தியாசமே தவிர, இருவருக்கும் ஒரே கேள்வி. எப்போது மேலே வருவது? ஒருவன் அதை மேலே கயிறு பிடித்தவனிடம் விட்டான், இன்னொருவன் இறங்குகிற நொடியிலேயே வளையத்தில் குறித்துக்கொண்டான். குறித்துக்கொள்ளாமல் இறங்கினவன் எவனும் இல்லை. நாம்தான் குறிக்காமல் இறங்கியவர்கள். எங்கள் பேங்கில் கவுண்டரில் பணம் அனுப்ப வருகிற நம் ஆட்களிடம் 'எப்போ ஊருக்கு' என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான். 'இன்னும் ரெண்டு வருஷம் சார்.' வந்து பதினெட்டு வருஷம் ஆனவரும் அதைத்தான் சொல்கிறார். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், பையன் இன்ஜினியரிங் என்று ஒவ்வொரு முறையும் வளையத்தை வலமாகத் திருப்பி, இப்போதுதான் இறங்கினேன் என்று வைத்துக்கொள்கிறோம். வாட்ச் செய்தவன் எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று பல் வைத்துத் தடுத்தானோ, அந்தப் பக்கம்.

வந்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. இங்கேயே இருந்துவிடுவது என்றாலும் அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கட்டும். குடும்பத்தோடு ஒரு நாள் உட்கார்ந்து, இறங்கியது எந்த வருஷம், இன்னும் எத்தனை காற்று இருக்கிறது, அங்கே கயிறு பிடித்துக்கொண்டிருக்கிற அப்பா அம்மாவுக்கு வயசு என்ன, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நேரம் தப்பாகக் கணக்கிட்டாலும் பரவாயில்லை, சீக்கிரம் மேலே வருகிற பக்கமாகத் தப்பட்டும்.